தேரன்று ஓட்டிய மழை ரேஸ்

முப்பத்திரண்டு வயதில் ஒருத்தி "என் காலத்தில்" என்று ஆரம்பித்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். நீங்கள் இரண்டு பேரும் சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

ஆனால் இந்தத் தொழிலில் நான் ரிடையர் ஆனவள்தான். இரண்டாவது குழந்தைக்காகப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு, "என்ன வேலைம்மா செய்யறீங்க?" என்று கேட்டார். கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டுகிற ஒரு குழுவில், மழை ரேஸுக்கு வண்டியைத் தயார் செய்துகொடுக்கிற வேலை என்றேன்.

"வண்டி நிஜமா?"

"இல்லைங்க."

"மழை?"

"அதுவும் இல்லைங்க."

"அப்போ இந்த பிரஷர் மட்டும் எப்படிம்மா நிஜமா இருக்குது?"

அடுத்த வாரமே என் நாற்காலியை உங்களிடம் கொடுத்துவிட்டேன்.

ஸ்பிரிங்கை எவ்வளவு தளர்த்துவது, பின்னால் இறக்கையை எவ்வளவு தூக்குவது, டயரில் எவ்வளவு காற்று என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்கு வீடியோக்கள் இருக்கின்றன. அவற்றை நீங்கள் என்னைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள். ரேஸ் தொடங்குவதற்கு முன் வண்டியின் இந்த அமைப்புகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பூட்டிக் கொடுக்கிறோமே, அந்த செட்டப்பை, எதுவும் நிச்சயமில்லாத நேரத்தில் எப்படி முடிவு செய்வது என்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசுகிறேன். எனக்கு நிச்சயமில்லாத நேரம் நிறையவே பழக்கம்.

எவ்வளவு பழக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் கேஸை மூடினேனா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புகிறவள். மூடித்தான் இருக்கும். மறுபடி கிளம்பி முதல் திருப்பத்துக்கு வருவதற்குள், மூடியிருந்ததைச் சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகம் வரும். என் மகள் இனியாவின் பள்ளிப் பையில் ஆனி மாதத்திலும் ஸ்வெட்டர் இருக்கும், வெயில் தொப்பியும் இருக்கும். அவளுக்கு அப்போது மூன்று வயது. பையைத் தூக்க முடியாமல் தரையில் இழுத்துக்கொண்டு போவாள்.

என் முதல் மழை ரேஸிலும் நான் அதைத்தான் செய்தேன். மழை பெய்யலாம், நின்றும் போகலாம் என்று ரேஸ் திரையில் முன்னறிவிப்பு. மழைக்கென்று ஒரு செட்டப் உண்டு, காய்ந்த தடத்துக்கென்று ஒன்று உண்டு. நான் இரண்டிலும் பாதிப் பாதி எடுத்து, நடுவாந்திரமாக ஒன்று செய்து மேகலாவிடம் கொடுத்தேன்.

மேகலாவை உங்களுக்குத் தெரியும். அப்போது அவள் ஏனாத்தூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. அப்பா விவசாயம். வீட்டில் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டவள் என்பதால் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற விதமே தனி. அன்றைக்கு மூன்றாவது சுற்றில் வண்டி சரளைக்கல்லில் போய் நின்றது. மைக்கைப் போட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை: "அக்கா, இது மழையிலயும் ஓடாது, வெயில்லயும் ஓடாது. கண்காட்சியில வெச்சுடலாம்."

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவனும் அன்று லைனில் இருந்தான். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். முகத்தை நான் பார்த்ததே இல்லை, குரல் மட்டும்தான். எப்போதும் எதையாவது மென்றுகொண்டே பேசுவான். நான் பத்து நிமிடம் விளக்கம் சொன்னேன். கேட்டுவிட்டு, மெல்லுவதைக் கொஞ்சம் நிறுத்தி, "அக்கா, டைம் எல்லாம் அப்புறம் பாருங்க. ஓட்டுறவங்களை ஒண்ணே ஒண்ணு கேளுங்க: வழுக்கறதுக்கு முன்னாடி வண்டி உங்களுக்குச் சொல்லுதா? சொல்லுச்சுன்னா நல்ல செட்டப். சொல்லாம வழுக்குச்சுன்னா அது எவ்ளோ ஃபாஸ்ட்டா இருந்தாலும் தூக்கிப் போடுங்க," என்றான். பிறகு மறுபடி மெல்ல ஆரம்பித்துவிட்டான்.

மேகலாவைக் கேட்டேன். "சொல்லவே இல்லக்கா. உங்க வண்டி ஊமை," என்றாள்.

அன்றிலிருந்து நான் வேகமான வண்டி செய்வதை விட்டுவிட்டு, பேசுகிற வண்டி செய்யக் கற்றுக்கொண்டேன். அது ஒன்றும் பெரிய கதை இல்லை. பெரிய கதை தேர் நாளில் நடந்தது.

நம் அறை எங்கே இருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். ராஜ வீதியில், கீழே ஜரிகைக் கடை, மேலே நாம். வைகாசியில் தேர் வரும்போது நம் ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் தேர்ச்சீலையைத் தொட்டுவிடலாம் போல இருக்கும். அதனால் தேர் தெருவுக்குள் நுழைவதற்கு முன் கரண்டை நிறுத்துவார்கள், தாண்டிப் போனதும் விடுவார்கள். இது ஊரில் குழந்தைக்கும் தெரியும். அந்தப் போட்டியை நடத்துகிறவர்கள் எங்கோ வேறு ஊரில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்குத் தெரியாது. பிரிவின் கடைசி ரேஸை, அதுவும் மழை ரேஸை, தேர் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வைத்துவிட்டார்கள்.

மேகலாவுக்கு அது சாதாரண ரேஸ் இல்லை. முதல் ஐந்து இடத்துக்குள் வந்தால் மேல் பிரிவுக்குப் போவாள். வராவிட்டால், அடுத்த சீசனில் நம் குழுவில் அவள் இடத்தில் வேறொருவர். ஓனர் அண்ணன் இதை முன்கூட்டியே, முகத்துக்கு நேரே, நல்ல விதமாகத்தான் சொல்லியிருந்தார். நல்ல விதமாகச் சொன்னதால் அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது. முந்தின நாள் தகுதிச் சுற்றில் நான்காவதாக வந்திருந்தாள். பேசுகிற வண்டி, நல்ல வேகமான வண்டி. அந்த வாரம் முழுக்க நான் செய்தது.

"தேர் ஒம்போது மணிக்கெல்லாம் நம்ம தெருவைத் தாண்டிடும்மா," என்றார் அண்ணன். "பதினொண்ணுக்குள்ள கரண்டு வந்துடும். நீ வீணா டென்ஷன் ஆவாதே."

நான் ஆனேன். எங்கள் வீடு செவிலிமேட்டில். தேர் அந்தப் பக்கம் வராது. ஆனால் ரேஸை அங்கே மாற்றலாம் என்றால், எங்கள் வீட்டு இணையத்தில் இனியாவின் கார்ட்டூனே திக்கித் திக்கித்தான் ஓடும். ஆகவே வீட்டு இன்வெர்ட்டரை பேட்டரியோடு கழற்றி ஆட்டோவில் ஏற்றினேன்.

"ஞாயித்துக்கெழமை ஃபேன் இல்லாம நான் இன்னாம்மா பண்றது?" என்றார் என் கணவர்.

"இன்னைக்கு ஊர்ல யாராவது வீட்ல இருப்பாங்களா? தேர் பாக்கப் போங்க."

பேட்டரியின் ஒரு பக்கத்தை அவர் தூக்கினார், இன்னொரு பக்கத்தை ஆட்டோக்காரர் தூக்கினார். மாடிப்படி முழுக்க இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே ஏறினார்கள். என் நாத்தனார் பவானி இனியாவைத் தூக்கிக்கொண்டு நேராக மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். அங்கிருந்து பார்த்தால் தெருமுனை வரை தெரியும். "நீங்க உங்க காரைப் பாருங்க அண்ணி, நான் தேரைப் பாக்கறேன். எது முதல்ல வருதுன்னு பாப்போம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒன்பது மணி ஆயிற்று. தேர் வரவில்லை. பத்தும் ஆயிற்று. பவானிக்குப் போன் போட்டேன்.

"மூலையில நிக்குது அண்ணி. திரும்பவே மாட்டேங்குது. முட்டுக்கட்டைக்காரங்க சக்கரத்துக்கு அடியில கட்டையப் போடறாங்க, எடுக்கறாங்க, மறுபடி போடறாங்க. உங்க கார் மாதிரிதான் இருக்குது."

"எப்போ வரும்னு தோணுது?"

"அது சாமி இஷ்டம். இருங்க இருங்க, அசைஞ்சுச்சு! ... இல்ல, கயிறுதான் அசைஞ்சுச்சு."

இப்போது கணக்கைப் பாருங்கள். தேர் பன்னிரண்டுக்கு மேல் வந்தால் அதற்குள் ரேஸ் முடிந்திருக்கும், நமக்குக் கவலையில்லை. அதற்கு முன்னால் வந்தால் ரேஸின் நடுவில் கரண்ட் போகும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று மேகலா சொன்னாள். இருந்தது, ஆனால் நான் சும்மா இருக்க மாட்டாமல் மெயின் ஸ்விட்சை நிறுத்திச் சோதித்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர் ஓடியது, திரை ஓடியது, இணையப் பெட்டி ஓடியது. மேகலா ஸ்டியரிங்கை ஒரு வெட்டு வெட்டினாள். இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்திவிட்டு மொத்தத்தையும் அணைத்துவிட்டது.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் மோட்டார்தான் காரணம். சாலை எப்படி இருக்கிறது என்பதை ஓட்டுகிறவர் கைக்கு அதுதான் சொல்கிறது. டயர் பிடிப்பை இழக்கத் தொடங்கினால் ஸ்டியரிங் லேசாகிவிடும்; மழையில் ஓட்டுகிறவர்கள் அதை நம்பித்தான் உயிர் பிழைக்கிறார்கள். அந்த மோட்டார் முழு பலத்தில் இழுத்தால் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் தாங்கும். குறைத்தேன். மேகலா ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"மாவு பெசையற மாதிரி இருக்குதுக்கா. கையில ஒண்ணுமே தெரியல."

"கரண்ட் போற நேரத்துல குறைச்சுக்கலாம்ல?" என்றார் அண்ணன்.

"போற நேரம் யாருண்ணா சொல்லுவாங்க? போனப்புறம்தான் போச்சுன்னு தெரியும். அதுக்குள்ள கம்ப்யூட்டரே அணைஞ்சிருக்கும்."

ஆகவே ரேஸ் முழுக்கக் குறைந்த பலத்திலேயே ஓட்டுவது, அல்லது தேர் வராது என்று நம்பி முழு பலத்தில் ஓட்டுவது. குறைத்தால் இன்னொரு சிக்கலும் கூடவே வரும். நான் வாரம் முழுக்கச் செய்த வண்டி கையோடு பேசுகிற வண்டி. கை செவிடானால் அது ஒரே நொடியில் சுற்றிவிடும். மேகலா கண்ணால் பார்த்தே சமாளிக்கக்கூடிய சோம்பேறி வண்டியாக அதை மாற்ற வேண்டும். மெதுவாக வழுக்குகிற, மெதுவாகத் திரும்புகிற, பின்பக்கம் உட்கார்ந்தே போகிற வண்டி. சுற்றுக்கு ஒரு நொடிக்கு மேல் போய்விடும். ரேஸ் தொடங்கிவிட்டால் செட்டப்பைத் தொட முடியாது.

"இன்னாமா நீ," அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "தேர் வரலைன்னா? நல்ல வண்டியைக் கெடுத்துட்டு, நாலாவதா கிளம்பற பொண்ணைப் பத்தாவதா கொண்டாந்து விடுவே. அவ சீட்டு போச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

மேகலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பவானிக்கு மறுபடி போன் போட்டேன். "அப்படியேதான் நிக்குது. பக்கத்துல மோர் குடுக்கறாங்க, இனியா ரெண்டு டம்ளர் குடிச்சிட்டா," என்றாள். இதை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். நான் வழக்கம்போல நடுவாந்திரத்துக்குப் போயிருப்பேன். பாதி பலம், பாதி சோம்பல். அப்படி ஒன்றை மனதில் செய்துகூட முடித்துவிட்டேன். அப்போது அந்த மென்று பேசுகிறவனின் குரல் ஞாபகம் வந்தது. நடுவாந்திரமும் ஊமைதான். சரி, எது நடக்கும் என்று யோசிப்பதை விடுவோம். அது எனக்குத் தெரியாது. நான் தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று யோசிப்போம். அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. சோம்பேறி வண்டியைக் கொடுத்து, தேர் வராமல் போனால், மேகலா சில இடங்கள் பின்தங்குவாள். ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும், ஓடுகிற வண்டிக்கு ஏதாவது வழி உண்டு. வேகமான வண்டியைக் கொடுத்து, தேர் வந்துவிட்டால், திரை கறுப்பாகிவிடும். அதற்கப்புறம் எதுவுமே இல்லை.

"சோம்பேறி வண்டி," என்றேன்.

அண்ணன் கையை விரித்துவிட்டு ஜன்னல் பக்கம் போனார். மேகலா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். "கட்டை வண்டின்னே சொல்லுங்கக்கா. எங்கப்பா கிட்ட அதுக்கும் லைசென்ஸ் வாங்கியிருக்கேன்."

கைக்குப் பதில் காது இருக்கிறதே என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன். மழையில் டயர் பிடிப்போடு போகும்போது சர் என்று ஒரு சத்தம், வழுக்கும்போது அது வெறும் காற்று மாதிரி ஆகிவிடும். அந்தச் சத்தத்தை மட்டும் கூட்டி வைத்தேன். என்னைப் பாராட்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

ரேஸ் தொடங்கியது. திரையில் கொட்டுகிற மழை. முதல் இரண்டு சுற்றிலேயே நான்காவது இடம் எட்டாவதாயிற்று. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பிறகு முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகச் சுற்ற ஆரம்பித்தார்கள். மேகலா சுற்றவில்லை. சுற்ற முடியாத வண்டி அது. ஏழாவது ஆனாள், ஆறாவது ஆனாள். அவளுக்கு முன்னால் ஒரு மஞ்சள் கார்.

போன் அடித்தது. "அண்ணி! திரும்பிடுச்சு! ஓட்டமா வருது!"

எதிரே இருந்த டியூப் லைட் அணைந்தது. ஏசி நின்றது. திரை ஒரு கணம் துடித்தது. இன்வெர்ட்டர் ஒரு முறை முனகிவிட்டு அமைதியாயிற்று. கார் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் என் பக்கம் திரும்பி, தலைக்குமேல் இரண்டு கைகளையும் கூப்பினார். தேருக்கா எனக்கா என்று இன்றுவரை கேட்கவில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு சுற்றுக்குக்கூடத் தாங்கவில்லை. ஏசி நின்றதும் அந்தச் சின்ன அறை கொதித்தது. கம்ப்யூட்டர் சூடாகிவிடும் என்று அண்ணன் ஜன்னல்களைத் திறந்துவிட்டார். தேரும் தெருவுக்குள் வந்துவிட்டது. மேளம், நாதஸ்வரம், வெடி, ஆயிரம் பேர் ஒரே குரலில் போடுகிற கோவிந்தா. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மேகலா ஹெட்போனை ஒரு கையால் அழுத்திக்கொண்டு கத்தினாள்: "அக்கா! டயர் கேக்கல! ஒண்ணுமே கேக்கல!"

இந்த ஊரில் பிறந்து, முப்பது வருஷம் தேர் பார்த்தவள் நான். தேர் வந்தால் கரண்ட் போகும் என்று யோசித்தேன்; தேர் வந்தால் சத்தம் வரும் என்று யோசிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளுக்கும் ஒன்று விட்டுப்போகும். விட்டுப்போன அந்த ஒன்றுதான் அன்று வரும்.

நான் கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. கையில் உணர்வு இல்லை, காதில் சத்தம் இல்லை, எதிரே மஞ்சள் கார் வாரியடிக்கிற தண்ணீர். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, வலது தோளில் கையை வைத்தேன்.

அந்தத் தடத்தில் எங்கெங்கே தண்ணீர் தேங்கும் என்பது எனக்குத் தெரியும். வளைவுகளின் வெளிநாட்டுப் பெயர்கள் வாயில் நுழையாததால் நாங்கள் நம் ஊர்ப் பெயர்களை வைத்திருந்தோம், நீங்களும் இப்போது அதையேதான் சொல்கிறீர்கள். மூங்கில் மண்டபம் ஊசி வளைவு. அதன் வாயில் இடதுபக்கம் ஒரு குட்டை. ஏனாத்தூர் ரோடு என்கிற ஏற்றம் முடிகிற இடத்தில் ஓடை மாதிரி குறுக்கே ஓடும். செவிலிமேடு பாலம் என்று நாங்கள் சொல்லுகிற நேர்ச்சாலையின் பள்ளம்தான் எல்லாவற்றிலும் மோசம். முழு வேகத்தில் வந்து இறங்குகிற இடத்தில் சாலை முழுக்கத் தண்ணீர். ஒரு வாரமாக இந்த இடங்களை நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டவளுக்கு, அவற்றைச் சொல்ல ஒரு திரையும் தேவையில்லை.

மூங்கில் மண்டபத்துக்கு முன்னால் தோளில் ஒரு தட்டு தட்டினேன். மேகலா காலைத் தூக்கினாள். வண்டி வழுக்காமல் குட்டையைத் தாண்டித் திரும்பியது. தலையை ஆட்டினாள்: புரிந்துவிட்டது. ஏனாத்தூர் ரோட்டில் ஒரு தட்டு. பாலத்துப் பள்ளத்தில் ஒரு தட்டு. தட்டினால் தண்ணீர், தட்டாவிட்டால் போகலாம். அடுத்தடுத்த சுற்றுகளில் அவள் என் கையைத் தவிர வேறெதையும் நம்பவில்லை. அன்றைக்கு நான்தான் மோட்டார்.

தேர் நம் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றது. கற்பூர வாசனை அறைக்குள் வந்தது. அண்ணன் ஜன்னலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் திரும்பவில்லை.

திரையில் மழை விட்டிருந்தது. கடைசிக்கு முந்தைய சுற்று. மேகலா ஆறாவது, மஞ்சள் கார் ஐந்தாவது. மஞ்சள் கார் பாலத்துப் பள்ளத்தில் இறங்கும்போது ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அங்கே அது வேலி மாதிரி தண்ணீரை எழுப்பும். இந்த முறை டயருக்குப் பின்னால் வெறும் புகை மாதிரி கொஞ்சம்தான் எழும்பியது. ஆனாலும் மஞ்சள் கார் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தது. மேகலாவும் என் தட்டுக்குக் குறைத்தாள்.

தண்ணீர் வடிந்துவிட்டதா? அல்லது அவன் மெதுவாகப் போனதால் குறைவாகத் தெறித்ததா? ஒரு சுற்று ஓடுகிற நேரம் எனக்கு இருந்தது. கேட்க ஆள் இல்லை. திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வர, இது கேஸ் அடுப்பும் இல்லை.

கடைசிச் சுற்று. மூங்கில் மண்டபத்தில் தட்டினேன். ஏனாத்தூர் ரோட்டில் தட்டினேன். பாலத்துக்கு இறங்குகிற நேர்ச்சாலை வந்தது. என் விரல்கள் தாமாகவே உயர்ந்தன. தட்டினால் ஒன்றும் கெடாது. வண்டி பத்திரமாக ஆறாவதாக வரும். பத்திரமாக வந்து சீட்டு போகும். தட்டாமல் இருந்து தண்ணீர் இருந்தால்... என்னை நம்பித்தான் காலை அழுத்திக்கொண்டிருக்கிறாள்.

அவன் முந்தைய சுற்றிலும் அதே வேகத்தில்தானே இறங்கினான்? அதற்கு முந்தைய சுற்றிலும்? வேகம் ஒன்றுதான், தெறித்ததுதான் குறைந்திருந்தது. தண்ணீர் வடிந்துவிட்டது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

உயர்ந்த விரல்களை இடது கையால் பிடித்துக்கொண்டேன். நிஜமாகத்தான் சொல்கிறேன், என் கையை நானே பிடித்து வைத்துக்கொண்டேன்.

மஞ்சள் கார் குறைத்தது. மேகலா குறைக்கவில்லை. கட்டை வண்டி பள்ளத்தில் இறங்கி, ஒரு முறை லேசாக உடம்பை அசைத்து, மஞ்சள் காரின் பக்கவாட்டில் ஏறி, முன்னால் வந்தது. கோட்டைத் தாண்டியபோது திரையில் ஐந்து என்று இருந்தது. வெளியே அதே நேரத்தில் தேரை இழுத்தார்கள், தெருவே கத்தியது. மேகலா அது தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள். நாங்களும் திருத்தவில்லை.

பவானி இனியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். "அண்ணி, ஜன்னலுக்கு நேரா வந்து நின்னுச்சே, நல்லா சேவிச்சீங்களா?"

"பாக்கல."

"பாக்கலையா! ஊரே இதுக்காக வருஷம் பூரா காத்துக்கினு இருக்குது. வீட்டு வாசலுக்கு வந்த சாமியைப் பாக்காம காரையா பாத்துக்கினு இருந்தீங்க?"

மேகலா ஹெட்போனைக் கழற்றினாள். "இவங்க காரையும் பாக்கலக்கா. பள்ளத்தைத்தான் பாத்தாங்க," என்றாள். பிறகு தோளைத் தேய்த்துக்கொண்டாள். மறுநாள் அங்கே நீலம் பாரித்திருந்தது என்று சொல்லிக் காட்டினாள். மோட்டார் பலம் மூன்றில் ஒரு பங்கு இல்லை போலிருக்கிறது.

அவ்வளவுதான் என் அனுபவம். கரண்ட் இருக்கிற நாட்களிலும், முழு பலத்தில் ஓட்டும்போதும், மழை என்றால் இப்போது மேகலா தோளில் ஒரு கை வேண்டும் என்கிறாள். ஆகவே செட்டப் போடுகிற நாற்காலியோடு அந்த வேலையும் உங்களுக்கு வந்துவிட்டது. தட்டுவது சுலபம். பயந்தவர்கள் யாரும் செய்யலாம். கையைச் சும்மா வைத்திருக்க வேண்டிய இடம் எது என்று பார்ப்பதற்குத்தான் நம்மை வைத்திருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மேல் பிரிவில் மேகலாவின் முதல் மழை ரேஸை வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். இனியா என் மடியில். அதே தடம்தான். நீங்கள் இரண்டு பேரும் அறையில் அவள் பின்னால் இருந்தீர்கள். திரையில் தெரியவில்லை, ஆனால் உங்களில் ஒருவர் கை அவள் தோளில் இருந்தது எனக்குத் தெரியும். மூங்கில் மண்டபம் வந்ததும் என் கை இனியாவின் முதுகில் தட்டியது. ஏனாத்தூர் ரோட்டில் தட்டியது.

"தட்டாதம்மா. எனக்குத் தூக்கம் வரல," என்றாள்.

மழை விட்டுச் சில சுற்றுகள் ஆகியிருந்தன. மேகலா பாலத்துப் பள்ளத்துக்கு இறங்கினாள். அவள் காலைத் தூக்கவில்லை. வண்டி ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் தாண்டிப் போயிற்று.

இனியா நிமிர்ந்து என்னை முறைத்தாள். நீங்கள் அங்கே தட்டவில்லை. நான் இங்கே தட்டிவிட்டேன். நாற்காலி சரியான ஆட்களிடம்தான் இருக்கிறது.